முனைவர் படிப்பில் சேரும் முன் ஓராண்டு நிற்கலாமா?

கேள்வி: மாரிக்குப்பத்துப் பெண்

வணக்கம். பெங்களூரில் எம்.எஸ்சி. உயிரியல் முடித்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. வயது 23. வீடு கோலார் தங்கவயலில்; ஐந்து ஆண்டுகளாக மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் வந்து, இரவு ரயிலில் திரும்பிப் படித்தவள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களில் என் தந்தையும் ஒருவர். பிறகு அவரும் இதே ரயிலில்தான் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோனார்.

நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தந்த கடிதம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஓர் ஆய்வு நிறுவனத்தின் நேர்முகத் தேர்விலும் தேறிவிட்டேன். ஆகஸ்டில் சேர வேண்டும். இப்போது சேராவிட்டால் அந்த இடம் போய்விடும், உதவித்தொகை போகாது. ஆனால் அங்கே எனக்கு ஒதுக்கியிருக்கும் வழிகாட்டியின் ஆய்வில் எனக்கு ஓரளவே ஈடுபாடு.

கடைசிப் பருவத்தில் ஒரு மாலை, 96 குழிகள் கொண்ட தட்டில் பாதிவரை மாதிரிகளை இட்டபின், எந்தக் குழியில் நிறுத்தினேன் என்பது தெரியாமல் திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் பிப்பெட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். எண்ணிப் பார்த்தும் பயனில்லை. தட்டை அப்படியே கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். அன்று முதல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையவே கால் வரவில்லை. இது வெறும் களைப்பா, இந்தத் துறையே எனக்கு ஒத்துவராது என்பதன் அறிகுறியா? ஓராண்டு நின்றால் மனம் திரும்புமா? வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும் என்பதையும் மனத்தில் வைத்து, அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஜக்கூர்வாசி

தங்கை, நானும் உங்களைப் போல நின்றவள்தான். எம்.எஸ்சி. முடித்து ஒன்றரை ஆண்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் திட்ட உதவியாளராக வேலை பார்த்தபின் சேர்ந்தேன். இப்போது நான்காம் ஆண்டு.

அந்தத் தட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, வீணான மாதிரிகளைவிட அந்த ரயில்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நாள்தோறும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் பயணம் செய்து, அதற்கு மேல் ஆய்வுக்கூடத்திலும் நின்ற ஒருவருக்கு, எவ்வளவு பிடித்த வேலையும் கசக்கத்தான் செய்யும். துறை பிடிக்கவில்லை என்று முடிவு கட்டும் முன், ஆறு வாரம் நன்றாகத் தூங்குங்கள். அதன்பின் யாரும் சொல்லாமலே ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் படிக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். சேர்ந்தபின் விடுதியில் இடம் கிடைத்தால் இந்த ரயிலே உங்கள் வாழ்க்கையிலிருந்து போய்விடும். அதன் பிறகு நீங்கள் யார் என்பது இன்னும் உங்களுக்கே தெரியாது.

எப்போது சேர்கிறோம் என்பதைவிட யாரிடம் சேர்கிறோம் என்பதே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். 2022ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிப்படி முனைவர் படிப்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தரலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கென 240 நாள் வரை விடுப்பும் உண்டு. கல்யாணப் பேச்சு எழும்போது இதை வீட்டாரிடம் சொல்லுங்கள். ஆனால் அந்த விதி உங்களுக்கு உண்மையில் பயன்படுமா என்பது வழிகாட்டியைப் பொறுத்தது. இடைவெளி எடுப்பதாக இருந்தால் அதை நல்ல வழிகாட்டியைத் தேடச் செலவிடுங்கள். நான் ஐந்து ஆய்வுக்கூடங்களுக்குச் சென்று, வழிகாட்டியைச் சந்திக்கும் முன்பே அங்குள்ள மூத்த மாணவர்களைத் தேநீருக்கு அழைத்துப் பேசினேன். கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின, பாதியில் விட்டுச் சென்றவர் உண்டா, எழுதிக் கொடுத்ததைத் திருத்தித் தர எவ்வளவு நாளாகும், ஐந்தாண்டு உதவித்தொகை முடிந்தபின் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். ஓர் இடத்தில் இரண்டாம் கேள்விக்கு அந்த மாணவர் பதில் சொல்லாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கே விண்ணப்பிக்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. திட்ட உதவியாளர் வேலையில் "இன்னும் ஆறு மாதம் இரு" என்பார்கள், நாமும் இருந்துவிடுவோம். ஓராண்டு என்று நினைத்துப் போன எனக்கு ஒன்றரை ஆண்டானது அப்படித்தான்.

பதில்: வாடகை வீட்டுக்காரன்

நான் ஒரு நாள்கூட நிற்காமல் சேர்ந்தவன். படிப்பில் எனக்குக் குறை இல்லை, பணத்தில்தான் அடிபட்டேன். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000, வீட்டு வாடகைப் படி தனி என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் சேர்ந்தபின் தாள்கள் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து முதல் தொகை என் கணக்குக்கு வர ஏழு மாதங்கள் ஆயின. அதுவரை அக்காவின் சம்பளத்தில் வாழ்ந்தேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. நீங்கள் நிற்பதானால் ஏதாவது ஒரு வேலை பார்த்து ஆறு மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்த்து வையுங்கள். இதைச் சொல்லவே எழுதினேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, நிற்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆயினும் எல்லை குறிக்காமல் நின்ற என் மாணவர்கள் பலர் திரும்பி வரவேயில்லை. அவர்களுக்கு ஆர்வம் குறைந்ததென்று சொல்ல முடியாது. மென்பொருள் நிறுவனத்தில் ஓராண்டு என்று சேர்ந்தார்கள். சம்பளம் வரத் தொடங்கியதும் தம்பியின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை என ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறிக்கொண்டன, பிறகு இறங்க வழியில்லை.

ஓராண்டா, இப்போதேயா என்று இரண்டே வழி இருப்பதாக ஏன் நினைக்கிறீர்கள்? இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில், எல்லாத் துறைகளிலும் இல்லாவிட்டாலும், ஜனவரிப் பருவத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். உங்களுக்கு இடம் தந்த நிறுவனத்திடமும், சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் மறுக்கட்டும். எதுவாயினும், உங்கள் ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதத்தை இப்போதே கேளுங்கள். ஓராண்டு கழித்துக் கேட்டால், உங்களைப் பற்றி நல்லவிதமாகவே எழுதுவார்கள், ஆனால் அந்த 96 குழித் தட்டை இரவெல்லாம் திரும்பச் செய்து முடித்த பெண் என்று எழுத அவர்களுக்கு நினைவிருக்காது. (திரும்பச் செய்தீர்கள் என்றே நம்புகிறேன்.)

மாரிக்குப்பத்துப் பெண்

அனைவருக்கும் நன்றி. ஐயா, மறுவாரமே திரும்பச் செய்தேன். முடிவுகள் சரியாகவே வந்தன.

நேற்று இரவு அப்பாவிடம் பேசினேன். சுரங்கம் மூடியபின் அவர் எட்டு மாதங்கள் வீட்டிலிருந்ததைப் பற்றி இதுவரை என்னிடம் பேசியதே இல்லை. "அந்த எட்டு மாதத்துல ஒரு நாள்கூட ஓய்வா இருந்ததில்லம்மா, எப்ப முடியும்னு தெரியாததால" என்றார். பிறகு நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, "நீ தேதியைச் சொல்லு, அதுவரைக்கும் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்காம நான் பாத்துக்கறேன்" என்றார். டிசம்பர் 31 என்றேன்.

தள்ளிவைக்கக் கேட்டு இன்று காலை நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு, எனக்குப் பிடித்த ஆய்வு நடக்கும் இடங்களில் ஜனவரிக்கு விண்ணப்பிப்பேன். ஆகஸ்டு வரை தூக்கம். அதன்பின் தங்கவயலிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் எடுத்துச் செலவுக்குப் பணம் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். ஜக்கூர் அக்கா, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரலாமா?

ஜக்கூர்வாசி

வாருங்கள். பதினோரு மணிக்கு மேல் வந்தால் மூத்த மாணவர்கள் எல்லோரும் இருப்பார்கள். திரும்பும் ரயில் எத்தனை மணிக்கென்று முன்பே சொல்லிவிடுங்கள்.