ரோப் தரவமைப்புக்குத் தமிழ்: நெடுஞ்சரமா, சரவடமா?

குழுவினர் அனைவருக்கும் கோலாலம்பூரிலிருந்து வணக்கம்.

ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, நாம் 'சரம்' என்கிறோம். உரையைச் சேமிக்கும் ரோப் (rope) என்ற தரவமைப்புக்கு 'வடம்' என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்குப் பினாங்கு ஐயா எழுதியிருந்தது:

> ரோப் என்பது மிக நீண்ட சரம்தானே. நெடுஞ்சரம் என்று வைத்தால் கேட்டவுடன் புரியும்.

ஐயா, சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோப்பையும் சரத்தையும் பிரிப்பது நீளம் இல்லை, கட்டுமானம். சி மொழியில் 1 மெகாபைட் உரையை ஒரே தொடர் நினைவகத்தில் போட்டு வைத்தால் அதுவும் நெடுஞ்சரம்தான். அதன் தொடக்கத்தில் ஓர் எழுத்தை நுழைக்கப் பின்னால் இருக்கும் அத்தனை பைட்டையும் நகர்த்த வேண்டும். கடைசியில் ஒட்டுவதும் லேசில்லை. சி சரத்துக்குத் தன் நீளம் தெரியாது. முடிவில் நிற்கும் சுழியை (பூஜ்ஜியத்தை) தேடி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து போக வேண்டும். டர்போ பாஸ்கலில் நீளத்தை முன்னால் ஒரே பைட்டில் குறித்தார்கள், அதனால் 255 பைட்டுக்கு மேல் வழியில்லை. யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் தமிழ்க் குறி (யுனிகோடில் தனி எண் பெற்றது, துணைக்கால், புள்ளி உட்பட) ஒவ்வொன்றும் 3 பைட்டு. அந்த 255க்குள் அடங்குவது 85 குறி. நாலடி வெண்பா ஒன்று பெரும்பாலும் நுழையாது.

இந்தத் தொல்லைக்கு 1995இல் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பேம், அட்கின்சன், பிளாஸ் மூவரும் விரிவாக எழுதிய தீர்வுதான் ரோப். சிறு சிறு சரங்கள் இலைகளாக இருக்கும், மேலே கணுக்கள் அவற்றை மரமாகக் கோத்திருக்கும். இரண்டு உரைகளை இணைக்க எதையும் நகலெடுக்க வேண்டாம். புதிதாக ஒரு கணுவை உண்டாக்கி இரண்டையும் அதன் கீழ் மாட்டினால் போதும். ஜிசிசி கம்பைலரோடு வரும் சி++ நூலகத்தில் இது நீட்சியாக இன்றும் இருக்கிறது, ரஸ்ட் மொழியில் ரோப்பி என்ற நூலகம் இருக்கிறது.

அதனால்தான் 'வடம்' என்றேன். பல புரி சேர்ந்தால்தான் வடம். நகைக்கடையில் இரட்டைவடச் சங்கிலி கேட்கும் யாருக்கும் அது விளங்கும். ஈப்போ அம்மையார், கேபிளுக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துவிட்டோமே என்றார். அது நியாயமான தடை. அப்படியென்றால் 'சரவடம்' என்போம்: சரங்களால் ஆன வடம். எதனால் ஆனது என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 'கயிறு' என்றால் அது வராது. ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் த்ரெட்டுக்கு 'இழை' என்று வைத்திருப்பதால், இழைகள் சேர்ந்து கயிறு ஆகின்றன என்று மாணவர் தவறாகப் பிடித்துக்கொள்ளவும் இடமுண்டு.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் எடுக்கும் வார இறுதி வகுப்பில் பெரும்பாலும் படிவம் ஐந்து முடித்த பிள்ளைகள். பள்ளியில் மலாய்வழி படித்ததால் ஸ்ட்ரிங் அவர்களுக்கு 'ரெந்தெத்தான்'. தமிழில் சரம் என்றதும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்கள். 'நெடுஞ்சரம்' என்று கரும்பலகையில் எழுதியபோது, எத்தனை எழுத்துக்கு மேல் போனால் நெடுஞ்சரம் என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது ஐயா. சொல்தான் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

அப்புறம், இலைக்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தீர்கள். புதுப் பெயர் வேண்டாம், அது சரமேதான். ஆனால் அதை எங்கே வெட்டுவது என்பதற்குத் தமிழில் கட்டாயம் ஒரு சொல் வேண்டும். 'கோலாலம்பூர்' என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து. யுனிகோடில் 11 குறி, 33 பைட்டு. இலையின் அளவு நிரம்பிவிட்டது என்று 'லா'வின் நடுவே வெட்டினால் ஓர் இலையில் 'ல' நிற்கும், அடுத்த இலை துணைக்காலில் தொடங்கும். அந்த இலையை மட்டும் திரையில் காட்டினால் புள்ளிவட்டத்தோடு தொங்கும் கால்தான் தெரியும். ரோப்பி ஒரு குறியை நடுவில் உடைக்காது. ஆனால் எழுத்து இரண்டு இலைகளில் பிரிந்து கிடக்கலாம். ஆக, இரண்டையும் வேறுபடுத்த 'குறியெல்லை', 'எழுத்தெல்லை' என்று இரண்டு சொல் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. தமிழ் உரைத் தொகுப்பான் (எடிட்டர்) எழுதுகிறவர்கள் எழுத்தெல்லையில் வெட்ட வேண்டும்.

மீதி ஒன்றுதான். இடக்கிளையில் எத்தனை பைட்டு என்று கணுவில் எழுதி வைக்கும் எண்ணை எல்லோரும் 'எடை' என்கிறார்கள். இடக்கிளையில் 'கோலாலம்பூர்' இருந்தால் கணுவில் 33 இருக்கும். சுழியிலிருந்து எண்ணி 40ஆம் பைட்டைத் தேடினால், 40 அந்த 33ஐவிடப் பெரிது, எனவே வலக்கிளைக்குப் போய் 40-33, அதாவது 7ஆம் பைட்டைப் பார்க்க வேண்டும். 'எடை' என்றால் இரு கிளைக்கும் சேர்த்த கணக்கு போலத் தோன்றுகிறது. நான் 'இடக்கிளை நீளம்' பக்கம். சற்று நீளமான சொல்தான், ஆனால் நிரல் எழுதும்போது தவறு நேராது. அம்மையாருக்கும் ஐயாவுக்கும் இது சரிப்படுமா? சொல்லுங்கள், பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.