மஞ்சக்குப்பம் குடும்பக் குழு: கோத்தகிரி நடை, கரடிக் கவனம்

கதிர்: சனிக்கிழமை கோத்தகிரி கிளம்பறோம். பையில சின்ன மணி கட்டிக்கிட்டா கரடி ஒதுங்கிடும்ன்றாங்க. வாங்கட்டுமா சித்தப்பா?

சித்தப்பா: மணிய நம்பாதப்பா. ஓடைச் சத்தத்துல அமுங்கிடும். மனுசக் குரல்தான் வேணும்.

லதா அக்கா: நம்ம காட்டுக் கரடிக்குப் பார்வை மந்தம், மோப்பம்தான் பலம். எதிர்காத்து அடிச்சா அந்த மோப்பமும் எட்டாது. கரையான் புத்தைத் தோண்டி உறிஞ்சும்போது அதுவே பெருசா சத்தம் போடும், நம்ம காலடி கேக்கவே கேக்காது. திடீர்னு பக்கத்துல போய் நின்னா ஓடாது கதிர், பாயும். குட்டி முதுகுல இருந்தா இன்னும் மோசம்.

கதிர்: அப்ப வழி பூரா கத்திக்கிட்டே போகணுமாக்கா?

சித்தப்பா: வெட்டவெளியில சாதாரணப் பேச்சு போதும். வளைவு, உண்ணிச்செடிப் புதர், ஓடைக்கரை, பாறை இடுக்கு, இங்கல்லாம் நுழையறதுக்கு முன்னாடியே கையை ரெண்டு தட்டு தட்டி, “ஹோய், வர்றோம்”னு அடிவயித்துலேர்ந்து குரல் விடு. கொஞ்சம் நின்னு கேளு. அது நகர நேரம் வேணும்ல? எல்லாரும் ஒட்டியே நடங்க, ஒருத்தன் தனியா முன்னாடி ஓடக் கூடாது.

அத்தை: ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கிட்டு போனா?

லதா அக்கா: வேணாம் அத்தை. காட்டுல அதுக்கு அனுமதி கிடையாது. கிளை முறியற சத்தம், உறுமல் எதுவும் நமக்குக் கேக்காமப் போயிடும். இயர்போனும் கூடாது.

சித்தப்பா: முக்கியமா ஒண்ணு. யானை பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சா குரல் விடாதீங்க, சத்தமில்லாம வந்த வழியே திரும்பிடுங்க. வனத்துறை வழிகாட்டி சொல்றபடிதான் நடக்கணும்.

அத்தை: பண்ருட்டி பலாச்சுளை டப்பாவுல கட்டி வச்சிருக்கேனே…

லதா அக்கா: ரூம்லயே தின்னு முடிச்சிடட்டும். பழுத்த பலா வாசனைன்னா கரடி தேடி வரும்.

கதிர்: மீறி எதிர்ல வந்துட்டா?

லதா அக்கா: ஓடாதே, மரமும் ஏறாதே, அதுவும் ஏறும். மெல்லப் பேசிக்கிட்டே பின்வாங்கு. மேல விழுந்துட்டா குப்புறப் படு, பை முதுகுலயே இருக்கட்டும், ரெண்டு கையையும் கோத்து பின்கழுத்தை மூடு. பெரும்பாலும் முகத்துலயும் தலையிலயும்தான் காயம் படுது.

சித்தப்பா: ஈர மண்ணோட புதுசா தோண்டின புத்தைப் பார்த்தா மேல போகாம திரும்பிடுங்க. வெயில் ஏறினப்புறம் கிளம்பி, பொழுது சாயறதுக்குள்ள இறங்கிடணும்.