பல்பம் தின்ன தோழியும் நான் போட்ட டிக்கும்

எல்லாருக்கும் வணக்கம். படிக்கிற காலத்துல உடம்ப கவனிக்காம விட்டு பட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க, மூணு வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருந்தத எழுதிடுறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ப்ளஸ் ஒன்ல நான் தான் கிளாஸ் லீடர். திருவண்ணாமலை பக்கம் ஒரு கவர்மெண்ட் கேர்ள்ஸ் ஸ்கூல். வியாழக்கிழமையானா மதியம் அந்த நீலக்கலர் சத்து மாத்திரை வரும், உங்கள்ல நெறைய பேர் பாத்திருப்பீங்க, இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்தது, வாரத்துக்கு ஒண்ணு. மிஸ் டப்பாவ என் கைல குடுத்துட்டு போயிடுவாங்க, எல்லாருக்கும் குடுத்துட்டு ரிஜிஸ்டர்ல டிக் போட வேண்டியது என் வேலை. யாரும் முழுங்க மாட்டாங்க. வாந்தி வருது, வெளிய போனா கறுப்பா போகுது, பின்னாடி குழந்தை பொறக்காதாம்னு ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, முழுங்கின மாதிரி காட்டிட்டு ஜன்னல் வழியா முள்ளுச்செடிக்குள்ள போட்டுடுவாங்க. நானும் தான் போட்டேன். போட்டுட்டு நாப்பத்திரெண்டு பேருக்கும் டிக் போட்டேன், ஒரு வாரம் கூட விடாம.

என் பெஞ்ச்ல ஒருத்தி, ஒண்ணாவதுலேர்ந்து என்கூட படிச்சவ. காலைல ஏழே கால் பஸ்ஸ பிடிக்கணும்னு ஒரு கிளாஸ் டீ மட்டும் குடிச்சிட்டு ஓடி வருவா. சத்துணவு பத்தாவதோட முடிஞ்சு போச்சு, அதுவரைக்கும் கிடைச்ச முட்டையும் நின்னு போச்சு, மதியத்துக்கு பாதி நாள் டப்பா கொண்டு வர மாட்டா, கேட்டா பசிக்கலம்பா. மாசாமாசம் ஏழெட்டு நாள் போகும் அவளுக்கு, அத யார்கிட்டயும் சொன்னதில்ல, என்கிட்டயே ஒரு தடவ தான் சொன்னா. அப்புறம் பல்பம் திம்பா. சிலேட்டுல எழுதுற பல்பம் தாங்க, பாக்கெட்டா வாங்கி பேக்குல வச்சிருப்பா, பச்சரிசியும் ஒரு கை எடுத்துட்டு வருவா. நாங்க எல்லாம் சிரிப்போம், பல்பம்னே பேரும் வச்சோம்.

ஆகஸ்ட் மாசம் ஒரு திங்கக்கிழம பிரேயர்ல நின்னுட்டிருந்தவ அப்படியே சாஞ்சிட்டா. தாடைல அடி, மூணு தையல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோல தூக்கிட்டு போனோம், அங்க இருந்த சிஸ்டர் முதல்ல அவ கண்ணுக்கு கீழ் இமைய இழுத்து பாத்தாங்க, வெள்ளைத்துணி மாதிரி இருந்தது, நகமும் அப்படித்தான். ரத்தம் எடுத்து பாத்தா ஹீமோகுளோபின் 6.8. பொண்ணுங்களுக்கு 12க்கு மேல இருக்கணுமாம், 8க்கு கீழ போனாலே ரொம்ப மோசமான ரத்த சோகைன்னு சொல்லி ஜிஎச்சுக்கு எழுதிக் குடுத்தாங்க. அங்க டிரிப்ஸ்ல மருந்து ஏத்தினாங்க.

அந்த சிஸ்டர் அவகிட்ட கேட்ட ரெண்டாவது கேள்வியே "பல்பம், சாம்பல், அரிசி ஏதாவது திங்கிறியாம்மா"ன்னு தான். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. ரத்தத்துல இரும்பு குறைஞ்சா அந்த ஆசை வருமாம், கெட்ட பழக்கம் இல்ல, நோயோட அடையாளம். அத வச்சு நாங்க பேரு வச்சு சிரிச்சிட்டு இருந்திருக்கோம். செருப்பில்லாம வயக்காட்டுல நடந்தா கொக்கிப்புழு காலு வழியா ஏறும், குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்த உறிஞ்சும்னாங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவ பிப்ரவரிலயும் ஆகஸ்ட்லயும் ஸ்கூல்ல குடுக்குறாங்களே பூச்சி மாத்திரை, அது எதுக்குன்னு எனக்கு அன்னிக்கு தான் புரிஞ்சுது. அப்புறம் "ஸ்கூல்ல வாராவாரம் மாத்திரை குடுக்கறாங்கல்ல, சாப்பிடுறியா"ன்னு கேட்டாங்க. அவ தலைய குனிஞ்சிட்டா. நான் பக்கத்துலயே நின்னேன், வாயத் திறக்கல. ரிஜிஸ்டர்ல அவ பேருக்கு நேரா என் கையெழுத்துல டிக் இருக்கு.

———

தங்கச்சி, படிச்சிட்டு மனசு கனத்துப் போச்சு. நான் விழுப்புரம் பக்கம் அறிவியல் வாத்தியார், எங்க ஸ்கூல்ல இந்த மாத்திரைக்கு நான் தான் பொறுப்பு. ஒண்ணு சொல்றேன், அந்த டப்பாவ பதினாறு வயசு பொண்ணு கைல குடுத்துட்டு போனது பெரியவங்க தப்பு. ஆசிரியர் கண்ணு முன்னாடி முழுங்க வைக்கணும், அது தான் முறை. நானும் ஆரம்பத்துல அந்த தப்ப செஞ்சவன் தான், தோட்டக்காரர் ஒரு நாள் மழைக்கு அப்புறம் நீல நீலமா கரைஞ்சு கிடக்குறத காட்டினப்ப தான் உறைச்சுது. இப்ப சாப்பாடு முடிஞ்ச அரை மணிக்குள்ள, கிளாஸ் முன்னாடி நின்னு முதல் மாத்திரைய நான் முழுங்குவேன், அப்புறம் தான் பிள்ளைங்க. வெறும் வயித்துல குடுத்தா குமட்டத்தான் செய்யும். கறுப்பா போறது உடம்பு எடுத்துக்காத மிச்ச இரும்பு, அதனால ஒரு கெடுதலும் இல்லன்னு பொண்ணுங்ககிட்ட கூச்சப்படாம சொல்லணும், அத சொல்லாம விட்டதால தான் பாதி மாத்திரை ஜன்னலுக்கு வெளிய போகுது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல நாடு முழுக்க 15லேர்ந்து 19 வயசு பொண்ணுங்கள்ல நூத்துக்கு 59 பேருக்கு ரத்த சோகை, அப்ப நாப்பத்திரெண்டு பேர் இருந்த உங்க கிளாஸ்ல உன் தோழி ஒருத்தி மட்டுமா இருந்திருப்பா. டிக் போட்டத அவகிட்ட சொல்லிட்டியாம்மா?

———

பொண்ணுங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. நான் பையன், இன்ஜினியரிங் ஹாஸ்டல், காலைல மெஸ்ஸுக்கு போகாம தூங்கிட்டு பதினோரு மணிக்கு டீ பன்னு, ராத்திரி புரோட்டா, அதுக்கு மேல ஒரு டீ, இப்படியே ரெண்டு வருஷம். ரெண்டாவது மாடி ஏறினா மூச்சு வாங்கும், கிளாஸ்ல எதுவும் ஏறல, அரியர் மூணு. சோம்பேறின்னு வீட்ல திட்டுவாங்க, எனக்கே நான் சோம்பேறின்னு தான் நெனப்பு. ரத்ததான முகாம்ல ஊசி குத்தி பாத்துட்டு 9.4 தான் இருக்கு, உங்ககிட்ட எடுக்க முடியாது தம்பின்னு அனுப்பிட்டாங்க. டாக்டர் சொன்னது, சாப்பாட்டோட டீ குடிச்சா இரும்பு ஒட்டாது, முன்ன பின்ன ஒரு மணி நேரமாவது விடு, இரும்பு மாத்திரைய எலுமிச்ச ஜூஸோட போடு. ரெண்டாவது மாசமே உடம்பு தேறின மாதிரி இருந்துச்சு, நிறுத்திட்டேன், திரும்ப இறங்கிடுச்சு. மூணு மாசமாவது முழுசா சாப்பிடணும், விட்டுடாதீங்க.

———

நான் கூடலூர் பக்கம் பழங்குடி பிள்ளைங்க ஹாஸ்டல்ல வேலை பாக்குறேன். தம்பி தங்கச்சிங்க எழுதினது எல்லாம் சரி தான், ஆனா ரத்த சோகைன்னா எல்லாமே ஒண்ணு இல்லைங்க. எங்க பிள்ளைங்க சில பேருக்கு சிக்கிள் செல், அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வர்றது, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு ரத்தக்குழாய்ல அடைச்சுக்கும், கை கால் வலி தாங்காம துடிப்பாங்க. அது சத்து மாத்திரையால தீர்ற விஷயம் இல்ல. அவங்க நெறைய தண்ணி குடிக்கணும், குளிர்ல நிக்கக் கூடாது. ஒரு பையன் கிளாஸ்ல அடிக்கடி தண்ணி குடிக்கிறான், பாத்ரூம் கேக்குறான்னு வெளிய நிக்க வச்சிருந்தாங்க, ஜனவரி மாச பனியில. ராத்திரியே வலி வந்து ஆஸ்பத்திரில சேர்த்தோம். அதுலேர்ந்து வருஷ ஆரம்பத்துலயே எந்தப் பிள்ளைக்கு என்னன்னு ஒவ்வொரு டீச்சர்கிட்டயும் நானே நேர்ல போய் சொல்லிட்டு வர்றேன். சோர்வு இருந்தா ரத்தம் டெஸ்ட் பண்ணி என்ன வகைன்னு தெரிஞ்சுக்கோங்க, நீங்களா கடைல மாத்திரை வாங்கி போடாதீங்க.

———

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. சார், நீங்க கேட்டது ராத்திரி பூரா மண்டைக்குள்ள ஓடுச்சு, காலைல அவளுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன், ஜன்னல், டிக், சிஸ்டர் கேட்டப்ப நான் பேசாம நின்னது. அவளுக்கு அந்த டிக் விஷயம் ஞாபகமே இல்ல. "நான் தான தூக்கிப் போட்டேன், நீ என்ன பண்ணுவ"ன்னு சொல்லிட்டா. இப்ப அவளுக்கு 12.1, போன மாசம் தான் பாத்தாளாம். கொஞ்ச நேரம் கழிச்சு அவளே ஆரம்பிச்சா, "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறமும் ப்ளஸ் டூ முடியிற வரைக்கும் என்ன பல்பம்னு தான் கூப்பிட்டீங்க, நீயும் தான்"னு. எனக்கு சுத்தமா மறந்து போச்சு சார் அது. சாரின்னு சொன்னேன். சரி சாப்பிட்டியான்னு கேட்டா.