19வது வாரம்: இதயம் சரியாகத் தெரியவில்லையாம்

கேள்வி: கர்ப்பகால ஸ்கேனில், வயிற்றில் குழந்தை கவிழ்ந்து படுத்திருந்ததால் இதயத்தின் நான்கு அறைகளும் தெளிவாகத் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். ஃபீட்டல் மெடிசின் டாக்டரை (வயிற்றில் இருக்கும் குழந்தைக்கான சிறப்பு மருத்துவர்) பார்க்கச் சொல்கிறார் எங்கள் டாக்டர். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: தெரியவில்லை என்றால் கோளாறு என்று அர்த்தமில்லை அம்மா. எனக்கும் இப்படித்தான் ஆனது. கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரச் சொன்னார்கள், குழந்தை புரண்டுவிட்டது. அப்புறம் அந்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடியது. நீலம் கெட்ட ரத்தமோ என்று பதறிவிட்டேன். சிவப்பு என்றால் ஸ்கேன் கருவியை நோக்கி வருவது, நீலம் விலகிப் போவது, அவ்வளவுதான் என்றார்.

பதில்: சீக்கிரம் போய்விடுங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் பார்ப்பது நல்லது. பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி அக்கா, நாளைக்கே போகிறேன்.