ஆரம்பிக்கிற வேகம் ரெண்டு மாசத்துல போயிடுது, டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்கு எப்படி விடாம படிக்கிறீங்க?

தென்காசி_27:
பி.எஸ்சி கணிதம் முடிச்சிட்டு ஜவுளிக்கடைல பில்லிங்ல இருக்கேன், காலைல 9:30 க்கு போனா வீடு வர ராத்திரி 9 ஆகிடும். 2022, 2024, 2025னு மூணு தடவ குரூப் 4 எழுதிட்டேன். ஒவ்வொரு தடவையும் நோட்டிபிகேஷன் வந்த அன்னைக்கே 6 ஆம் வகுப்புல இருந்து 10 வரைக்கும் ஸ்கூல் புக்க எல்லாம் அடுக்கி, டைம்டேபிள் எழுதி சுவத்துல ஒட்டி, விடியக்காலம் 4 மணிக்கு எந்திரிச்சிருவேன். அப்புறம் வைகாசி முகூர்த்தக் கூட்டம் வரும், ஒரு வாரம் புக்க தொட முடியாது, அந்த ஒரு வாரம் விட்டதும் மொத்தமா விட்டுப்போயிடுது. எங்கப்பா ஒண்ணும் கேக்க மாட்டார், அதுதான் ரொம்ப வலிக்குது. எனக்கு உறுதியே இல்லையா, இல்ல வேலைய விட்டுட்டு படிச்சாதான் ஆகுமா?

வைகைக்கரை:
தம்பி, நான் 2022 ல எழுதி இப்ப இளநிலை உதவியாளரா இருக்கேன். அப்ப என் சின்னவனுக்கு 8 மாசம். 4 மணிக்கெல்லாம் நான் எந்திரிச்சதே இல்ல, ராத்திரி எத்தன தடவ அழுவான்னு அவனுக்கே தெரியாது. தமிழ் புக்ல ஒரு நாளைக்கு ஒரு இயல், அது முடியலன்னா ரெண்டு பக்கம், அவ்வளவுதான். இலக்கணத்த நானே வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சு சமைக்கும்போது கேட்டுட்டே இருப்பேன். ஒண்ணே ஒண்ணுல மட்டும் கறாரா இருந்தேன், விட்ட நாளுக்கு சேர்த்துப் படிக்க மாட்டேன். புள்ளைக்கு காய்ச்சல்னு பத்து நாள் போச்சு, பதினோராவது நாள் அன்னைக்கு உள்ள இயலத்தான் எடுத்தேன். நீங்க விட்ட ஏழு நாளையும் கடன் மாதிரி தலைல ஏத்திக்கிறீங்க, அந்த பாரம்தான் உங்கள முடக்கிப் போடுது. உறுதி இல்லாதவன் மூணு தடவ ஹால்ல போய் உக்காரமாட்டான்.

பழைய_வாசகன்:
வேலைய மட்டும் விட்ராதீங்க ப்ரோ. நான் விட்டேன். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல சொந்த புக் கொண்டுபோய் படிக்கிற இடம் இருக்குல்ல, அங்கயே ஆறு வருஷம், கொரோனால பூட்டினப்பவும் ரூம்லயே கிடந்தேன். எத்தன முயற்சி, எந்த வருஷம் வரைக்கும்னு நான் முதல்லயே முடிவு பண்ணல, அதனால நிறுத்தவும் தெரியல. இப்ப ஒரு மருந்து கம்பெனி குடோன்ல கணக்கு பாக்குறேன், நிம்மதியாத்தான் இருக்கேன், ஆனா அந்த ஆறு வருஷத்துல நாலு வருஷம் வெறும் பிடிவாதம், அத நான் லட்சியம்னு நெனச்சிட்டேன். ஒரு தேதி வச்சுக்கோங்க, அத உங்கப்பாகிட்டயும் சொல்லிடுங்க.

கணக்குப்புலி:
மேத்ஸ் படிச்சிட்டு ஏன் தமிழ்ல இருந்தே ஆரம்பிக்கிறீங்க? 200 கேள்வில 25 கணக்கு, ஒண்ணுக்கு ஒன்றரை மார்க், மொத்தம் 37.5. கடைல மதியம் சாப்பிட்டதும் பழைய கேள்வித்தாள்ல பத்து கணக்கு போடுங்க, கூட்ட நேரத்துல ரெண்டு போட்டா போதும். அதுக்காக தமிழ விட்ராதீங்க, தமிழ் தகுதிப் பகுதில 150 க்கு 60 வரலன்னா மீதி தாள திருத்தவே மாட்டாங்க.

தென்காசி_27:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன கடன் விஷயத்த நாலு தடவ படிச்சேன், எனக்கு அப்படியேதான் நடக்குது, விட்டத சேர்க்கணும்னு உக்காந்து மலைச்சுப்போய் மூடி வச்சிடுவேன். சுவத்துல இருந்த டைம்டேபிள இப்பதான் கிழிச்சேன். கடைல இருந்துட்டே இன்னும் ரெண்டு தடவ எழுதுறேன், நாளைக்கு காலைல அப்பாகிட்ட சொல்லணும். அக்கா, ரெக்கார்ட் பண்ண இலக்கணத்துல எத முதல்ல எடுத்தீங்க?

வைகைக்கரை:
வேர்ச்சொல், அப்புறம் பிரித்தெழுதுக. 10 நிமிஷத்துக்கு மேல ஒரு ரெக்கார்டிங் வேண்டாம் தம்பி, நீளமா இருந்தா திரும்பக் கேக்க மாட்டீங்க.