புதுப் போன், மெதுவான சார்ஜ்: எந்த வயர் வாங்குவது?

சுன்னாகம் ரீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கும் அண்ணா எனக்கு சாம்சங் கேலக்ஸி ஏ54 போன் ஒன்று அனுப்பியிருந்தார். பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. இரண்டு பக்கமும் சி முனை (டைப்-சி) வைத்த வயர் மட்டுந்தான் இருந்தது. வீட்டில் பழைய சாம்சங் சார்ஜர் ஒன்று நல்ல நிலையில் கிடக்கிறது. ஆனால் அதன் வாய் அகலமான பழைய வகை, சி முனை அதற்குள் போகாது. ஆகவே யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஒரு முனை அகலம், மறுமுனை சி என்று ஒரு வயர் வாங்கினேன். விலை 350 ரூபாய். "ஒறிஜினல், ஃபாஸ்ட் சார்ஜ்" என்று சொல்லித்தான் தந்தார்கள்.

இரவு பத்து மணிக்குக் கொழுவினால் விடியற்காலையிலும் நிறைவதில்லை. வட்ஸ்அப் பார்த்துக்கொண்டு சார்ஜ் போட்டால் சதவீதம் அப்படியே நிற்கிறது. அது போக, பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படங்களைக் கணினிக்கு மாற்ற அதே வயரைக் கொழுவிப் பார்த்தேன். போனில் சார்ஜ் ஆகும் அடையாளம் வருகிறது, கணினியிலோ ஒன்றும் வரவில்லை. போனில் பழுதா, வயரில் பழுதா? கடையில் திரும்பக் கேட்டால் 100 வாட் வயர் எடுக்கச் சொல்கிறார்கள், விலை நாலு மடங்கு. எடுக்கலாமா?

வடமராட்சியான்:
ரீச்சர், நல்ல தடிப்பான வயராகப் பார்த்து வாங்குங்கள். நூல் பின்னல் போட்டது என்றால் இன்னும் திறம். மெல்லிய வயரால்தான் இந்தக் கரைச்சல்.

கொக்குவில் திருத்துநர்:
தம்பி, வெளித் தடிப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. திருத்த வரும் வயர்களை வெட்டிப் பார்க்கிறவன் நான். பென்சில் தடிப்பில் றப்பர் இருக்கும், உள்ளே செம்பு தலைமயிர் அளவுக்கு நாலு இழை. நூல் பின்னல் வெளித்தோல் கிழியாமல் காக்கும், மின்சாரத்துக்கு அதனால் பலன் இல்லை.

ரீச்சர், இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, சார்ஜரின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் 'அவுட்புட்' என்று போட்டு என்ன இலக்கங்கள் இருக்கின்றன? இரண்டாவது, புது வயரின் அகலமான முனைக்குள் வெளிச்சம் பிடித்து எட்டிப் பாருங்கள். உள்ளே உலோகப் பட்டிகள் எத்தனை தெரிகின்றன?

சுன்னாகம் ரீச்சர்:
சார்ஜரில் 9 வோல்ட் 1.67 அம்பியர், 5 வோல்ட் 2 அம்பியர் என்று இரண்டு வரி இருக்கிறது அண்ணா. வயருக்குள் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டிகள் தெரிகின்றன. நடு வெறுமை. போனோடு வந்த வயரில் அகலமான முனை இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அம்மாவின் பழைய போன் வயரைப் பார்த்தேன், அதில் நாலு பட்டிகள் இருக்கின்றன.

கொக்குவில் திருத்துநர்:
அப்படியானால் போனும் நல்லது, சார்ஜரும் நல்லது. பிழை வயரில். உங்கள் இரண்டு பிரச்சினைக்கும் காரணம் ஒன்றேதான்.

அகலமான முனையில் நாலு பட்டிகள் இருக்க வேண்டும். ஓரத்தில் உள்ள நீளமான இரண்டும் மின்சாரத்துக்கு. நடுவில் உள்ள சற்றுக் குட்டையான இரண்டும் தகவலுக்கு. உங்கள் வயரில் நடு இரண்டும் இல்லை. தகவல் கம்பி இல்லாததால் கணினிக்குப் போன் கொழுவியிருப்பதே தெரியாது, படம் எப்படிப் போகும்?

சார்ஜ் மெதுவாவதும் இதனால்தான். உங்கள் சார்ஜர் எடுத்த உடனே 9 வோல்ட் தராது. முதலில் 5 வோல்ட்டில் நிற்கும். போன் அந்த நடுக் கம்பிகள் வழியாக "9 வோல்ட் தா" என்று கேட்ட பிறகுதான் ஏற்றிக் கொடுக்கும். 9 ஐ 1.67 ஆல் பெருக்கினால் 15 வாட், அதுதான் இந்தச் சார்ஜரின் முழு வேகம். கேட்பதற்கே கம்பி இல்லாதபோது போன் என்ன செய்யும்? எதிரே இருப்பது சார்ஜரா, கணினியா, வேறு ஏதாவதா என்று தெரியாமல் பயந்து பயந்து அரை அம்பியர் அளவில் எடுத்துக்கொண்டிருக்கும். அது இரண்டரை வாட். உங்கள் போனின் பற்றரி 5000 மில்லி அம்பியர் மணி, ஏறத்தாழ 19 வாட் மணி. கணக்குப் பாடம் உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. திரை எரிந்துகொண்டிருந்தால் வருவதும் போவதும் சரியாகிவிடும்.

நாலு பட்டிகள் இருந்தாலும் உள்ளே நடுக் கம்பிகளை இணைக்காமல் விட்ட வயர்களும் சந்தையில் உண்டு. ஆகவே பட்டி எண்ணுவது முதல் சோதனைதான். கணினியில் கொழுவி, போனின் பூட்டைத் திறந்து, 'கோப்பு மாற்றம்' என்பதைத் தெரிவு செய்தும் ஒன்றும் வராவிட்டால் அதுதான் உறுதியான சோதனை. பூட்டைத் திறக்காமல் "வயர் பழுது" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

நல்லூரடியான்:
அருமையான விளக்கம். அந்த வயரை எறிந்துவிட வேண்டாம் ரீச்சர். கொழும்பு சொகுசு பஸ்ஸில் இருக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் போடத் துவாரம் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதன் மறுபக்கம் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தகவல் கம்பி இல்லாத வயரால் போனுக்குள் இருப்பதை யாரும் எடுக்க முடியாது, அங்கே அது பாதுகாப்பு. மெதுவாக ஏறினாலும் வவுனியா தாண்டுவதற்குள் கதைக்கிற அளவுக்கு ஏறிவிடும்.

சுன்னாகம் ரீச்சர்:
விளங்கியது அண்ணா. இத்தனைக்கும் காரணம் இல்லாமல் போன இரண்டு கம்பிகள்! அப்படியென்றால் 100 வாட் வயர் தேவையில்லையா? கனடா அண்ணா அனுப்பிய சி-சி வயரைச் சும்மா வைத்திருப்பதா?

கொக்குவில் திருத்துநர்:
100 வாட் வயர் உங்களுக்கு வீண் காசு. அந்த வயரால் போனுக்குக் கெடுதல் வராது, போன் தனக்குத் தேவையானதுக்கு மேல் எடுக்காது. ஆனால் பலனும் இல்லை.

உங்களுக்கு இரண்டு வழிகள். செலவு குறைந்தது: பழைய சார்ஜரை வைத்துக்கொண்டு, தகவல் கம்பி உள்ள நல்ல அகல-சி வயர் ஒன்று, ஒரு மீற்றர் நீளத்தில். 15 வாட் கிடைக்கும். கொழுவியதும் திரையில் 'ஃபாஸ்ட் சார்ஜிங்' என்று வர வேண்டும். வெறும் 'சார்ஜிங்' என்று வந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போது சார்ஜரையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே போட்டுப் பாருங்கள். வெட்கப்படத் தேவையில்லை.

மற்ற வழி: அண்ணா அனுப்பிய சி-சி வயரை எடுங்கள். அது போனோடு வந்தது, அதைவிடப் பொருத்தமானது கடையில் கிடைக்காது. சி வாய் உள்ள 25 வாட் சார்ஜர் மட்டும் வாங்கினால் போதும். அதில் 'பி.டி', 'பி.பி.எஸ்' என்ற வேகச் சார்ஜ் முறைகள் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். ஏ54 கூடுதலாக எடுப்பதே 25 வாட்தான். ஒழுங்காகச் செய்த எந்தச் சி-சி வயரும் 3 அம்பியர் வரை, அதாவது 60 வாட் வரை தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் 5 அம்பியர் போக வேண்டுமென்றால்தான் முனைக்குள் ஒரு சின்ன மின்னணுச் சிப் வைத்து, "நான் 5 அம்பியர் தாங்குவேன்" என்று அது சொல்ல வேண்டும். 100 வாட், 240 வாட் வயர்கள் விலை கூடுவது அதனால். மடிக்கணினி வைத்திருப்பவருக்கு அது தேவை. சாம்சங்கிலேயே 45 வாட் எடுக்கும் பெரிய போன்களுக்கும் தேவை. உங்களுக்கு வேண்டாம்.

ரொரன்ரோத் தமிழன்:
சார்ஜரையும் இங்கிருந்து அனுப்பச் சொல்லலாமே? இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

கொக்குவில் திருத்துநர்:
அனுப்பலாம், ஆனால் வேண்டாம் ஐயா. மின்னழுத்தத்தில் பிரச்சினை இல்லை. உள்ளீடு 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் நம்முடைய 230 வோல்ட்டில் வேலை செய்யும். பிரச்சினை முள்ளில். உங்களுடையது தட்டையான இரண்டு முள், நம்முடையது சதுர மூன்று முள். பிறகு இங்கே உள்ளவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சுவிஸ், பிரான்ஸிலிருந்து வந்த உருண்டை இரண்டு முள் சார்ஜரைக் குத்துவதற்கு மேல் துவாரத்துக்குள் பேனா மூடியை விட்டு அடைப்பைத் திறந்து, கீழே முள்ளைத் திணிப்பார்கள். எத்தனை வீடுகளில் அந்தப் பேனா மூடி நிரந்தரமாகவே நிற்கிறது! முள் இறுக்கமாக நிற்காது, சூடேறும், பொறி பறக்கும், ஒருநாள் துவாரமே கருகும். அடைப்பு வைத்ததே பிள்ளைகள் கை வைக்காமல் இருக்கத்தான். அனுப்புவதாக இருந்தால் வயரை அனுப்புங்கள், சார்ஜரை இங்கேயே மூன்று முள்ளில் வாங்கட்டும்.

காரைநகர் மச்சாள்:
இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு மூன்று மீற்றர் வயர் வேண்டும், கட்டிலுக்கும் பிளக்குக்கும் அவ்வளவு தூரம். நீளமான வயரில் சார்ஜ் குறையும் என்பது உண்மையா?

கொக்குவில் திருத்துநர்:
உண்மை. மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும், ஆகவே நீளத்தை இரண்டால் பெருக்குங்கள். மலிவு வயர்களில் மின்சாரக் கம்பியே 28ஆம் இலக்கக் கம்பிதான். ஒரு மீற்றருக்கு 0.21 ஓம் தடை. இரண்டு மீற்றர் வயர் என்றால் நாலு மீற்றர் கம்பி, 0.85 ஓம். 2 அம்பியர் ஓடினால் 1.7 வோல்ட் வழியிலேயே தொலையும். 5 வோல்ட் புறப்பட்டு 3.3 வோல்ட் வந்து சேர்ந்தால் போன் என்ன செய்யும்? மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே நீளத்தில் 24ஆம் இலக்கக் கம்பி என்றால் இழப்பு 0.7 வோல்ட்டுக்குள் நிற்கும். இலக்கம் குறையக் குறையக் கம்பி தடிப்பு, மாறி விளங்கிக்கொள்ள வேண்டாம். சில நல்ல வயர்களில் 28/24 என்று தோலிலேயே அச்சடித்திருப்பார்கள். முதலாவது தகவல் கம்பி, இரண்டாவது மின்சாரக் கம்பி.

9 வோல்ட்டில் அனுப்பும் சார்ஜர்கள் வந்ததற்கும் இதுவே காரணம். அழுத்தத்தைக் கூட்டினால் அதே வாட்டுக்கு ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் வழியில் இழப்பும் குறையும். லக்சபானவிலிருந்து மின்சாரத்தை உயர் அழுத்தக் கம்பியில் அனுப்புவதும் இதே கணக்கில்தான்.

உங்களுக்கு என் யோசனை: மூன்று மீற்றர் சார்ஜர் வயர் தேடாமல், நல்ல நீட்டிப்புப் பெட்டி ஒன்றைக் கட்டிலடிக்குக் கொண்டு வந்து ஒரு மீற்றர் வயரைக் கொழுவுங்கள். தலையணைக்கடியில் போனை வைத்துச் சார்ஜ் போட வேண்டாம், சூடு வெளியேறாது.

வடமராட்சியான்:
அண்ணை, என்னுடையது ஒப்போ. அதோடு வந்த வயர் அறுந்துவிட்டது. வேறு நல்ல வயர்தான் போடுகிறேன், ஆனால் முந்திய வேகம் இல்லை.

கொக்குவில் திருத்துநர்:
அது வேறு சாதி. ஒப்போ 2014இல் கொண்டுவந்த வூக் என்ற வேகச் சார்ஜ் முறை அழுத்தத்தைக் கூட்டாமல் 5 வோல்ட்டிலேயே 4 அம்பியருக்கு மேல் அனுப்பும். அதற்குத் தடித்த கம்பியும் அவர்களுடைய அமைப்பில் செய்த முனையும் வேண்டும். வேறு வயரில் போட்டால் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும், பழுதாகாது. அந்த நிறுவனத்தின் வயரையே தேடி வாங்கும் செலவு உங்களுக்குத்தான் நியாயமானது.

நல்லூரடியான்:
காந்த முனை வயர் எப்படி? கொழுவுவது சுகம் என்று பெறாமகன் வைத்திருக்கிறான்.

கொக்குவில் திருத்துநர்:
எனக்குப் பிடிக்காது. காந்தம் இரும்புத் தூளையும் குண்டூசியையும் இழுக்கும், மின்சாரம் வரும் பட்டிகளோ வெளியே திறந்து கிடக்கும். மோட்டார் சைக்கிள் கடையில் வேலை செய்பவர் ஒருவர் கொண்டுவந்த போனில் முனை கறுத்துப் போயிருந்தது.

வயரை அலட்சியமாக எண்ண வேண்டாம். கூகிள் பொறியியலாளர் பென்சன் லியுங் 2015இல் மலிவுச் சி வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதத் தொடங்கினார். அகல-சி வயருக்குள் 56 கிலோ ஓம் தடை என்ற சிறு மின்னணுத் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் பலர் 10 கிலோ ஓம் வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கும் போன், எதிரே 3 அம்பியர் இருக்கிறது என்று நம்பி இழுக்கும், தாங்காத சார்ஜரோ கணினித் துவாரமோ எரியும். மறு வருடம் கம்பியே மாற்றி ஒட்டிய ஒரு வயர் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கியது.

சுன்னாகம் ரீச்சர்:
பாடசாலைக் கணினி அறையிலிருந்து நாலு பட்டி வயர் ஒன்றைக் கடன் வாங்கிப் பழைய சார்ஜரில் போட்டுப் பார்த்தேன் அண்ணா. உடனே 'ஃபாஸ்ட் சார்ஜிங்' என்று வந்தது. படங்களும் கணினிக்கு ஏறிவிட்டன. இப்போதைக்கு அகல-சி வயர் ஒன்று வாங்கிக்கொண்டு, சம்பளம் வந்த பிறகு 25 வாட் சார்ஜர் பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. அண்ணாவின் சி-சி வயரை வேறொருவருடைய சி வாய்ச் சார்ஜரில் போட்டு, கரண்ட் போனால் பிடிக்கும் ரோர்ச் லைற்றுக்குக் கொழுவினேன். ரோர்ச்சிலும் சி வாய்தான் இருக்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவே இல்லை. இந்த வயரும் பழுதா?

கொக்குவில் திருத்துநர்:
வயர் நல்லது. மலிவு ரோர்ச், சின்ன மின்விசிறி, இவற்றில் சி வாய் வைப்பார்கள், உள்ளே வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் தடை இரண்டையும் மிச்சம் பிடிப்பார்கள். அந்தத் தடையைக் காணாவிட்டால் சி வாய்ச் சார்ஜர் மின்சாரத்தைத் திறக்காது. அகல வாய்ச் சார்ஜர் கேள்வி கேட்காமல் 5 வோல்ட் கொடுக்கும். உங்கள் 350 ரூபாய் வயரைப் பழைய சார்ஜரில் போட்டு ரோர்ச்சுக்குக் கொழுவிப் பாருங்கள், ஏறும்.