பேவாலில் (பணம் கட்டினால்தான் கட்டுரை திறக்கும் தடையில்) முட்டி நின்ற அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

முதுகலை மாணவி:
தீசிஸ் கொடுக்க 11 நாள்தான் பாக்கி. என் தலைப்பை அப்படியே தொட்ட கட்டுரை ஒன்று. சுருக்கம் மட்டும் தெரிகிறது, மீதிக்குப் பணம். எங்கள் நூலகத்தில் அந்த ஜர்னலுக்குச் சந்தா இல்லை. ராத்திரி, எழுதியவருக்கே மெயில் போட்டேன். விடிவதற்குள் பிடிஎஃப் வந்துவிட்டது. 7ஆம் பக்கத்தில், இரண்டாவது சமன்பாட்டின் முன்னால், சிவப்புப் பேனாவால் ஒரு சின்னக் கோடு. "கழித்தல் குறி விட்டுப்போச்சு, அச்சான பிறகுதான் பார்த்தேன்" என்று மெயிலில் எழுதியிருந்தார். பணம் கட்டி இறக்கியிருந்தால் அந்தத் தப்போடுதான் என் கணக்கும் போயிருக்கும்.

பிஎச்டி 3ஆம் ஆண்டு:
உங்களுக்கு நல்லவர் கிடைச்சார். நான் ஓப்பன் ஆக்சஸ், அதாவது யாரும் காசில்லாம படிக்கலாம்னு இருக்கிற ஜர்னல்னு நம்பி மாட்டிக்கிட்டேன். அந்த ஜர்னல்காரங்களே மெயில் போட்டுக் கட்டுரை கேட்டாங்க. அனுப்பின 4ஆம் நாள் அக்செப்டட். கட்டுரையைச் சரிபார்க்கிற ரிவ்யூவர் எழுதினது ஒரே வரி: "மருந்தின் அளவை விளக்கிய விதம் அருமை." என் கட்டுரை கான்கிரீட் விரிசல் பத்தினது! அந்த வரியை மூணு தடவை படிச்சேன், கை நடுங்கிடுச்சு. வேண்டாம், திரும்ப எடுத்துக்கிறேன்னு சொன்னா அதுக்கும் தனியா காசு கேட்டாங்க. நான் கட்டலை. அவங்க தளத்துல ஏத்திட்டாங்க. இப்ப வேற ஜர்னலுக்கு அனுப்பினா ஏற்கெனவே வெளியானதுன்னு திருப்பிடறாங்க. அதை எடுக்க வழி இருக்கா?

நூலகப் பணியில் இருப்பவன்:
தம்பி, அதை ஓப்பன் ஆக்சஸ் கணக்கில் சேர்க்காதீர்கள், மனசு கேட்கவில்லை. ஓப்பன் ஆக்சஸ் என்றால் என்ன என்று 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை சொன்னது, வாசகர் காசில்லாமல் படிக்கலாம், இறக்கலாம், பகிரலாம் என்பதைத்தான். எழுதுகிறவர் காசு கட்டியே ஆகவேண்டும் என்று அதில் இல்லை. டிஓஏஜே என்று ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களுக்கான இணையப் பட்டியல் ஒன்று உண்டு, அதில் உள்ள ஜர்னல்களில் பெரும்பாலானவை பிரசுரக் கட்டணமே வாங்குவதில்லை. அனுப்புமுன் ஆசிரியர் குழுவில் இருப்பவர் ஒருவருக்கு மெயில் போட்டு, உண்மையிலேயே அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லாத இடத்துக்கு அனுப்பவே வேண்டாம். படிக்க மட்டும் என்றால் பிரவுசரில் அன்பேவால் என்ற இலவச நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசமாக ஏற்றிய நகல் எங்காவது இருந்தால் காட்டிவிடும். இயற்பியல், கணிதம் என்றால் முதலில் ஆர்க்சைவ் தளத்தில் பாருங்கள், ஆய்வாளர்கள் கட்டுரைகளை இலவசமாக ஏற்றும் இடம், 1991லிருந்தே இருக்கிறது. நானும் மாணவனாக இருந்தபோது ஒரு கட்டுரைக்கு மூன்று வாரம் காத்திருந்தவன்தான்.

பழைய மாணவர்:
அண்ணா, டிஓஏஜே பட்டியலில் இருந்தாலே போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013இல் சயின்ஸ் இதழ் வெளியிட்ட சோதனையில், வேண்டுமென்றே பிழை வைத்த கட்டுரையை 304 ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களுக்கு அனுப்பினார்கள். 157 ஏற்றுக்கொண்டன. அதில் டிஓஏஜே பட்டியலில் இருந்தவையும் உண்டு. அடுத்த ஆண்டு டிஓஏஜே தன் விதிகளை இறுக்கியது.

என் கதை வேறு. படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக லாகின் செத்துப்போனது. நேர்காணலுக்காக என் சொந்தக் கட்டுரையைத் திறந்தேன். என் பேர் மேலே இருக்கிறது, கீழே "இதைப் படிக்க உங்களுக்கு அனுமதி இல்லை." ரெண்டு வருஷம் லேபில் உட்கார்ந்து எடுத்த கிராஃப் அது. ஜர்னல் அக்செப்ட் செய்த, அச்சு வடிவத்துக்கு முந்தைய பிரதி பழைய லேப்டாப்பில் கிடைத்தது. அதைப் பொதுவில் போடக் கூடாது என்று ஜர்னல் வைத்த 12 மாசத் தடைக்காலமும் முடிந்துவிட்டது. இன்று ராத்திரி, யாரும் இலவசமாகப் படிக்கும் இணையக் களஞ்சியத்தில் ஏற்றுகிறேன்.

முதுகலை மாணவி:
ஏற்றியதும் லிங்க் போடுங்கண்ணா.

பிஎச்டி 3ஆம் ஆண்டு:
நான் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்க. அந்தக் கட்டுரையை எப்படி எடுக்கறது?